நெஞ்சுக்குள் ஒரு கள்ளத்தோணி

முதல் தடவை அந்த நெஞ்சுப் படபடப்பு வந்தது தண்ணீருக்குள். 2018, மாசி மாதம். பாம்பன் பக்கத்துக் கடலில் பாசி எடுக்கப் போகிற பெண்களில் நானும் ஒருத்தி. அம்மாச்சி போனார், அம்மா போனார், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இரண்டு வருஷம் ஜெராக்ஸ் கடையில் இருந்துவிட்டு நானும் போனேன். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி உள்ளே போய், பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். அன்றைக்கு நாலாவதோ ஐந்தாவதோ முங்கி எழுந்தபோது நெஞ்சு சட்டென்று மாறியது. வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவில்லை. சுவிட்ச் போட்ட மாதிரி ஒரே நொடியில். கழுத்தில் தவளை துடிப்பது போல அடித்தது. நாங்கள் போகிற படகான வல்லத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். பக்கத்தில் இருந்த மயினி "என்னடி, மூச்சு வாங்குதா?" என்று கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டினேன். ஐந்து நிமிஷம் போல இருக்கும். பயத்தில் மறுபடி தண்ணீருக்குள் முகத்தைக் கொடுத்து மூச்சைப் பிடித்தேன். டக்கென்று நின்றது. அதுவும் ஒரே நொடியில்.

அந்த நாளில் நான் தப்பாக ஒன்றைக் கற்றுக்கொண்டேன். முங்கினால் நின்றுவிடும் என்று. அடுத்த மூன்று வருஷம் அதையே மருந்தாக வைத்துக்கொண்டேன். வீட்டிலும் வல்லத்திலும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வல்லத்தில் ஏற்ற மாட்டார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது என்று பெண்களே பேசி வைத்திருக்கிற கட்டுப்பாடு. அந்தப் பன்னிரண்டில் ஒரு நாள் போனால் எனக்கு 600 ரூபாய் போச்சு. வீட்டுக்காரர் வல்லத்துக்குப் போகிறவர், அவர் வருமானம் காற்றையும் கடலையும் பொறுத்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

முங்கினால் ஏன் நிற்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. முகம் தண்ணீரில் படும்போதும் மூச்சை அடக்கும்போதும் வேகஸ் என்கிற நரம்பு இதயத்தை மெதுவாக்கும். எல்லா மனிதர்களுக்கும் உள்ள இயற்கைதான் அது. ஆனால் கடலுக்குள் வைத்து அதைச் செய்யவே கூடாது. 2021 பங்குனியில் படபடப்பு வந்தபோது வழக்கம்போல முங்கினேன். நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனேன். கண்ணாடிக்குள் ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வந்தது. அதற்கு மேல் நினைவில்லை. மயினி என் கொண்டையைப் பிடித்து மேலே இழுத்திருக்கிறார். வல்லத்தில் கிடத்தி முதுகில் தட்டியபோதுதான் விழித்தேன். நம் பக்கம் பாசிக்கும் சங்குக்கும் முங்குகிறவர்கள் இதைப் படித்தால், ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: நெஞ்சு படபடத்தால் முதலில் வல்லத்தில் ஏறுங்கள். இதயம் அவ்வளவு வேகமாக அடிக்கும்போது மூளைக்குப் போகிற ரத்தம் குறைகிறது. தரையில் மயங்கினால் விழுவோம். தண்ணீரில் மயங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் ஆஸ்பத்திரி, கோயில், தர்கா என்று அலைந்த கதை. அதற்கு முன்பே 2019-லிருந்து அத்தைக்குத் தெரியாமல் ஒரு கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். "சாப்பிடாம கடலுக்குப் போறீங்க, கேஸ்தான்" என்றார் அந்த டாக்டர். வெள்ளை மாத்திரை, ரோஸ் மருந்து. மாறவில்லை என்றதும் வயிற்று ஸ்கேன், பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பி, 3,500 ரூபாய். இன்னொரு இடத்தில் எக்கோ எடுத்தார்கள், 1,500. நார்மல். அதோடு ஒரு இ.சி.ஜி.யும் எடுத்தார்கள், அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நார்மல் என்றார்கள். மூன்றாவது இடத்தில் என் முகத்தைப் பார்க்காமலே "வீட்டுக்காரர் கூட ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டுப் பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார்கள். நாலு மாதம் அந்த மாத்திரையில் தூங்கி வழிந்தேன். கடலில் வைத்து மயங்கின விஷயம் வீட்டுக்குத் தெரிந்த பிறகு, கடல் காத்து அடித்துவிட்டது என்று அத்தை மந்திரித்துக் கயிறு கட்டக் கூட்டிப் போனார். அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ராத்திரி முழுக்க என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர். என் கோபமெல்லாம், "பயம், டென்ஷன்" என்று படித்தவர்கள் சொன்னதன் மேல்தான். நானே அதை நம்ப ஆரம்பித்திருந்தேன். என் மனசுதான் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து எத்தனையோ ராத்திரி சத்தமில்லாமல் அழுதிருக்கிறேன்.

கணக்கு எழுதி வைக்கிற பழக்கம் ஜெராக்ஸ் கடையில் வந்தது. அந்த நோட்டின்படி டாக்டர், மருந்து, ஸ்கேன், கயிறு எல்லாம் சேர்த்து 20,900 ரூபாய். போகாமல் விட்ட பாசி நாட்கள் சுமார் 70, அது 42,000. ஒரு ஜோடி தோடு அடகில் மூழ்கியது தனி.

இந்த இடத்தில், எனக்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எக்கோ என்பது இதயத்தின் உடம்பைப் பார்க்கிற சோதனை. சுவர், வால்வு, ரத்தம் தள்ளுகிற பலம் இதெல்லாம் அதில் தெரியும். மின்சாரம் ஓடுகிற பாதை அதில் தெரியாது. அதற்கு இ.சி.ஜி. வேண்டும், அதுவும் படபடப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்தால்தான் நூற்றுக்கு நூறு பேசும். நின்ற பிறகு போய் "வந்துச்சு சார்" என்றால் யாருக்கும் புரியாது. எனவே படபடப்பு வந்தால் பெரிய டாக்டரைத் தேடி ஓடாதீர்கள். பக்கத்தில் எங்கே இ.சி.ஜி. மிஷின் இருக்கிறதோ அங்கே போய், "முதல்ல ஒரு இ.சி.ஜி. எடுங்க, அப்புறம் மத்ததைப் பேசலாம்" என்று கேளுங்கள். கேட்கிற உரிமை நமக்கு உண்டு. வீட்டிலேயே செய்யக்கூடியது, மணிக்கட்டில் விரலை வைத்து, செல்போன் கடிகாரத்தைப் பார்த்து, 15 விநாடிக்கு எண்ணி நாலால் பெருக்குவது. எண்ண முடியாத வேகம் என்றால் அதையே எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நின்றது, வந்ததும் நின்றதும் சட்டென்றா மெதுவாகவா, இதை எழுதுங்கள். பயத்தில் வருகிற படபடப்பு ஏறி இறங்கும். இது ஒரே நொடியில் வந்து ஒரே நொடியில் போகும். இந்த ஒரு வித்தியாசத்தை நான் முதல் நாளே சரியாகச் சொல்லியிருந்தால் ஐந்து வருஷம் மிச்சமாகியிருக்கலாம்.

2023 ஆவணியில் அந்த ராத்திரி வந்தது. வீட்டுக்காரர் கடலில். அத்தை தங்கச்சிமடத்தில் மகள் வீட்டில். நானும் ஐந்து வயது மகளும் மட்டும். பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவக் குனிந்தபோது பிடித்தது. அரை மணி நேரம் பார்த்தேன், நிற்கவில்லை. ஒரு மணி நேரம் ஆனதும் கை நடுங்கி, வேர்வையில் சேலை நனைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு 108-க்கு அடித்தேன். வீட்டுக்காரர் போன் கிடைக்கவில்லை, நடுக்கடலில் எப்படிக் கிடைக்கும். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றார். ராமநாதபுரத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பாம்பன் பாலத்தில் வண்டி ஏறியபோது கடல்காற்று உள்ளே வந்தது. பிள்ளைக்குக் காலையில் யார் தலை வாரிவிடுவார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். செத்துவிடுவேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

ராமநாதபுரத்தில் அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டர் அம்மா இருந்தார். என்னைப் படுக்க வைத்து, வேறு எதுவும் கேட்காமல் முதலில் இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். நிமிஷத்துக்கு 214. "இவ்ளோ நாளா இதையா டென்ஷன்னு சொன்னாங்க?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னை நம்பினார்.

முழங்கை மடிப்பில் பெரிய ஊசி போட்டு அடினோசின் என்கிற மருந்தை வேகமாக ஏற்றினார்கள். 6 மில்லிகிராமில் நிற்கவில்லை. அடுத்து 12. இந்த ஊசியைப் பற்றி யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். உள்ளே போன சில நொடியில் முகமெல்லாம் தீப்பிடித்த மாதிரி சூடு, நெஞ்சில் பாறாங்கல், உயிர் இதோ போகிறது என்ற நிச்சயம். மானிட்டரில் கோடு கொஞ்ச நேரம் நேராக ஓடியது. பிறகு ஒரு துடிப்பு, இன்னொரு துடிப்பு, அப்புறம் சாதாரணமாக. அந்த மருந்து ரத்தத்தில் பத்து விநாடிக்குள்ளேயே பாதி கரைந்துவிடும், அந்த உணர்வும் அதோடு போய்விடும். உங்களுக்குப் போடும்போது பயப்படாமல் அரை நிமிஷம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

நின்ற பிறகு இன்னொரு இ.சி.ஜி. எடுத்தார். அதைத்தான் வெகு நேரம் பார்த்தார். பேனா முனையால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். இதயத்தின் கீழ் அறைகள் துடிக்கும்போது கோடு செங்குத்தாக மேலே எழ வேண்டும். என்னுடையதில் எழுகிற இடத்தில், அடியில், ஒரு சின்னச் சரிவு. வல்லத்தைக் கரையேற்றுகிற மணல் சரிவு மாதிரி. டெல்டா அலை என்று பெயராம். "இந்தப் பேப்பரைத் தொலைச்சிராதீங்க, மதுரைக்குப் போங்க" என்றார். வீட்டுக்கு வந்து பீரோவில் பழைய இ.சி.ஜி.யைத் தேடி எடுத்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் பாதி வெளிறிக் கிடந்தது, ஆனாலும் அந்தச் சரிவு அதிலும் இருந்தது. அன்றைக்கே இருந்திருக்கிறது, பார்த்தவர் கண்ணில் படவில்லை. இ.சி.ஜி. தாள் சூட்டில் அழிகிற தாள். வாங்கின அன்றே போனில் படம் எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தாளை வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

மதுரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். அப்போது பாம்பன் பாலத்தில் ரயில் கிடையாது, 2022 டிசம்பரோடு நிறுத்தியிருந்தார்கள். மண்டபம் வரை பஸ்ஸில் போய் ரயில் ஏறினோம். இதய மின்னோட்டத்துக்கென்றே படித்த டாக்டர் ஒருவரைப் பார்த்தோம். "எந்த ஊரும்மா?" என்றார். பாம்பன் என்றேன். "அப்ப உங்களுக்கு ஈசியாச் சொல்லிரலாம்" என்று ஒரு தாளில் இரண்டு நிலம் வரைந்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் கடல். "மேல இருக்கிறது இதயத்தோட மேல் அறைகள். அங்கதான் கரண்டு பிறக்குது. கீழ் அறைகளுக்கு அது வரணும். ஆனா நடுவுல ஒரு நார் வளையம் இருக்கு, கரண்டு அதைத் தாண்டாது. தாண்ட ஒரே ஒரு பாலம். பாலத்துல ரயில் எப்படிப் போகும்?" ஊர்ந்து போகும் சார் என்றேன். "அதேதான். அந்த ஊர்ந்து போற நேரத்துலதான் மேல இருக்கிற ரத்தம் கீழ இறங்கும். சில பேருக்குப் பிறக்கும்போதே வேற ஒரு இடத்துல சின்னத் தசை இழை ஒண்ணு அந்தக் கடலைத் தாண்டி ஒட்டிக்கிட்டிருக்கும். கருவில இருக்கும்போது எல்லாருக்கும் இருக்கிறதுதான், மறைஞ்சிருக்கணும், சிலருக்கு மறையாது. அது வழியா கரண்டு செக்கிங் எதுவும் இல்லாம முன்னாடியே போயிருது." நான் கேட்டேன், "கள்ளத்தோணி மாதிரியா சார்?" பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இனிமே எல்லாருக்கும் இப்படியே சொல்றேம்மா" என்றார்.

அப்புறம் எல்லாம் புரிந்தது. சரிவாகத் தெரிகிற டெல்டா அலை, பாலம் வழியாக வருவதற்கு முன்பே கள்ளத்தோணியில் வந்து இறங்கிய கரண்டு. படபடப்பு என்பது, பாலம் வழியாகக் கீழே போன கரண்டு கள்ளத்தோணியில் ஏறி மேலே திரும்பி, மறுபடி பாலத்தில் இறங்கி, சுற்றிச் சுற்றி ஓடுவது. வேகஸ் நரம்பு பாலத்தை ஒரு நொடி அடைத்தால் சுற்று அறுந்துவிடும். நான் முங்கினதும் அதனால்தான் நின்றது. இதை 1930-ல் உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்ற மூன்று டாக்டர்கள் 11 நோயாளிகளை வைத்து எழுதினார்கள். அந்தப் பெயர்களின் முதலெழுத்தில் டபிள்யூ.பி.டபிள்யூ. என்கிறார்கள். ஆயிரம் பேரில் ஒன்று முதல் மூன்று பேருக்கு இந்த இழை இருக்கலாம், பலருக்குக் கடைசி வரை எதுவும் தெரியாது. ஆபத்து எங்கே என்றால், மேல் அறைகள் ஒழுங்கில்லாமல் நிமிஷத்துக்கு 300-க்கும் மேல் துடிக்கிற ஒரு கோளாறு வந்தால். பாலம் அதை வடிகட்டிக் கொஞ்சம்தான் கீழே விடும். கள்ளத்தோணி வடிகட்டாது. அப்போது உயிருக்கே ஆபத்து. அரிதுதான், ஆனால் உண்டு. அந்த நேரத்தில் வெரப்பமில், டிஜாக்சின் போன்ற மருந்துகளும், எனக்குப் போட்ட அந்த ஊசியும்கூடக் கெடுதல் செய்யலாம். அதனால் இந்தக் கோளாறு இருக்கிறவர்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தையாக டபிள்யூ.பி.டபிள்யூ. என்று சொல்ல வேண்டும். நான் ஒரு அட்டையில் எழுதி ஆதார் கார்டோடு வைத்திருந்தேன்.

சிகிச்சைக்கு நாள் கிடைக்கிற வரைக்கும் படபடப்பு வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிக் கொடுத்தார். 10 மில்லி சிரிஞ்சை ஊசி இல்லாமல் வாயில் வைத்து, உள்ளே இருக்கிற தண்டு லேசாக நகர்கிற அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். உட்கார்ந்துகொண்டு ஊதி, முடித்ததும் சட்டென்று மல்லாந்து படுக்க வேண்டும், இன்னொருவர் இரண்டு காலையும் தூக்கி 15 விநாடி பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மகள்தான் காலைப் பிடித்தாள். மூன்று தடவையில் இரண்டு தடவை நின்றது. கழுத்தை அமுக்கி நிறுத்துகிற வித்தையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது டாக்டர் கையால் மட்டும். மயக்கம், நெஞ்சுவலி, தாறுமாறான துடிப்பு என்றால் சிரிஞ்சைத் தேடாமல் 108.

நிரந்தரத் தீர்வு அந்த இழையைச் சூட்டால் கருக்குவது, அப்லேஷன் என்கிறார்கள். தனியாரில் 1,80,000 ரூபாய் என்று கேட்டதும் வீட்டுக்காரர் வல்லத்தை விற்கிறேன் என்றார். வேண்டாம் என்று சண்டை போட்டேன். முதல்வர் காப்பீட்டு அட்டை எங்களிடம் இல்லை. அப்போது வருஷ வருமானம் 1,20,000-க்குள் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் பதிய வேண்டியிருந்தது. பெயரில் ஒரு எழுத்து ஆதாருக்கும் ரேஷன் கார்டுக்கும் மாறியிருந்ததால் எனக்கு ஐந்து வாரம் வீணாகப் போனது. நோய் வருகிற வரை காத்திருக்காமல் இன்றைக்கே உங்கள் வீட்டு அட்டைகளில் எழுத்தைச் சரிபாருங்கள். மதுரையில் காப்பீட்டு வரிசையில் இருந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை. போக்குவரத்து, தங்கல், இரண்டு பேர் இழந்த வருமானம் எல்லாம் சேர்த்து 14,000 கைக்காசு.

2024 ஜனவரியில் செய்தார்கள். தொடையிடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்கு அனுப்பினார்கள். முழித்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டுமென்றே படபடப்பை வரவழைத்துத் தோணி எங்கே கரையேறுகிறது என்று தேடினார்கள், அதுதான் கஷ்டமான நேரம். இடது பக்கத்தில் இருந்தது. ஒன்றரை மணி நேரத் தேடல், பிறகு சூடு வைத்த ஐந்தாறு விநாடியில் "போயிருச்சு" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருந்தேன். இதே வேலையை முதலில் 1968-ல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்துதான் செய்தார்களாம். அந்த முதல் நோயாளி வட கரோலினாக் கடற்கரையில் மீன்பிடிக்கிறவர், 32 வயது. டாக்டர் இதைச் சொன்னபோது முகம் தெரியாத அந்த மனிதரை என் சொந்தக்காரர் மாதிரி நினைத்துக்கொண்டேன். நூற்றில் சில பேருக்கு இழை மறுபடி உயிர்பெறலாம், நடுப்பாலத்துக்குப் பக்கத்தில் இழை இருந்தால் பாலமே சேதமாகிப் பேஸ்மேக்கர் வைக்க நேரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். உங்கள் இழை எந்த இடம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டு வாரம் பளு தூக்கக் கூடாது என்றார்கள். நான் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாசி பௌர்ணமிக்குத்தான் மறுபடி வல்லம் ஏறினேன். இந்தத் தடவை கூட வருகிற எல்லாப் பெண்களிடமும் எனக்கு இருந்தது இன்னது என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். யாரும் இறக்கிவிடவில்லை. மயினி மட்டும் முதல் நாள் முழுக்க என்னைவிட்டு ஒரு கை தூரம் நகரவில்லை. இப்போதும் சில ராத்திரி ஒரு துடிப்பு தவறி அடுத்தது அழுத்தமாக விழும். அது எல்லோருக்கும் வருவதுதான் என்று சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் கை தானாக மணிக்கட்டுக்குப் போகும். 15 விநாடி எண்ணுவேன். பதினெட்டு, பத்தொன்பது. திரும்பிப் படுத்துக்கொள்வேன்.